சிறிய எஃப்.எம். நிலையங்களில் அதே பழைய பாட்டுகள் ஏன் திரும்பத் திரும்ப வருகின்றன?

ஆயிரக்கணக்கில் பழைய பாட்டுகள் இருந்தும், உள்ளூர் எஃப்.எம்.மில் சில நூறு பாட்டுகளையே சுற்றிச் சுற்றிப் போடுகிறார்களே, சோம்பேறித்தனமா என்று கேட்டிருக்கிறீர்கள். அப்படியொரு சிறிய நிலையத்தில் பாட்டு வரிசை போட்டவன் நான். சோம்பேறித்தனம் இல்லை.

வானொலியை நாள் முழுக்க உட்கார்ந்து கேட்பவர்கள் குறைவு. வண்டி ஓட்டும்போது கொஞ்ச நேரம், வேலைக்கு நடுவே கொஞ்ச நேரம், அவ்வளவுதான். அதற்குள் தெரியாத பாட்டு வந்தால் கை அடுத்த அலைவரிசைக்குப் போய்விடும். 1950களில் அமெரிக்காவின் ஒமாஹாவில் நிலையம் நடத்திய டாட் ஸ்டார்ஸ், ஜனங்களுக்குப் பிடித்த சில பாட்டுகளையே அடிக்கடி போட்டு ஜெயித்தார். வணிக வானொலி இன்றும் பெரும்பாலும் அந்த வழியில்தான் போகிறது.

‘பழைய பாட்டு’ என்பதும் ஒரே இடத்தில் நிற்பதில்லை. அமெரிக்காவில் 1950, 60களின் பாட்டுகளைப் போட்ட நிலையங்கள் மெல்ல 70, 80களுக்கு நகர்ந்துவிட்டன. விளம்பரதாரர்கள் தேடுவது 25 முதல் 54 வயது வரையுள்ளவர்களை. அந்த வயதைத் தாண்டியவர்களின் பாட்டு பட்டியலிலிருந்து உதிர்ந்துவிடுகிறது. எனக்கு இதில் நிஜமாகவே வருத்தம். சின்ன ஊர் நிலையமாவது வாரத்தில் ஒரு மணி நேரம் அவர்களுக்கு ஒதுக்க வேண்டும்.

சரி, வரிசைக்கு வருவோம். ஒரே பாடகர் அடுத்தடுத்து வரக் கூடாது, நேற்று காலை எட்டு மணிக்கு வந்த பாட்டு இன்றும் எட்டுக்கு வரக் கூடாது என்றெல்லாம் மென்பொருளில் விதி போட்டு வைப்போம். ஒவ்வொரு பாட்டின் பக்கத்திலும் இரண்டு குறிப்பு இருக்கும்: பாடகர் குரலெடுக்க எத்தனை நொடி, முடிவு தேய்ந்து மறைகிறதா, சட்டென்று நிற்கிறதா. 14 என்று இருந்தால், அறிவிப்பாளர் முன்னிசையின் மேலேயே பேசி 14 நொடிக்குள் முடித்துவிட வேண்டும். கைதேர்ந்தவர் கடிகாரத்தைப் பார்க்கவே மாட்டார். அவர் பேச்சு நிற்கும், அதே கணத்தில் பாட்டு எழும். கேட்க அவ்வளவு சுகம்!

அந்த 14 நொடியில் என்ன சொல்கிறார் என்பதுதான் எனக்கு முக்கியம். பாலம் மூடியிருக்கிறது, மின்சாரம் எப்போது வரும் போன்ற செய்தியைப் பாட்டுச் செயலி சொல்லாது. ஆனால் இப்போது பல நிலையங்களில் எங்கோ இருப்பவர் முன்கூட்டியே பதிவு செய்த பேச்சுதான் ஓடுகிறது. ஊரில் வெள்ளம் வந்தாலும் அந்தக் குரலுக்குத் தெரியாது. ஒரே பாட்டு பத்து தடவை வரட்டும், தாங்கிக்கொள்ளலாம். இதைத்தான் தாங்க முடியவில்லை.

வேறு பாட்டு வேண்டுமென்றால் நிலையத்துக்கே போன் போடுங்கள். சின்ன நிலையத்தில் அது நேராக வரிசை போடுபவரின் காதுக்கே போய்ச் சேரும். பாட்டின் பெயரோடு, வழக்கமாக எத்தனை மணிக்குக் கேட்பீர்கள் என்பதையும் சொல்லுங்கள். அவருக்கு இரண்டும் தேவை.