மாய நகரத்துத் தேன் பருப்பு

கேள்வி: மாயாஜாலக் கதை ஒன்றின் சந்தையில் விற்கும் தேன் பூசிய பாதாமைச் செய்து தரும்படி என் மகள் கேட்கிறாள். நான் செய்தால் மறுநாளே பிசுபிசுக்கிறது. ஏன்?
- வாசகி, மயிலாப்பூர், சென்னை

பதில்: நம் கடற்காற்றின் ஈரத்தைத் தேன் விரைவில் இழுத்துக்கொள்வதே காரணம், ஆகவே பூச்சுக்குச் சர்க்கரையையே நம்புங்கள். 200 கிராம் பாதாம், 100 கிராம் சர்க்கரை, 50 மில்லி தண்ணீர் ஆகியவற்றை அடிகனமான வாணலியில் சேர்த்து, நடுத்தரத் தீயில் கைவிடாமல் கிளறினால், பாகு கெட்டியாகி, திடீரென வெள்ளை மணல்போல் பூத்துப் பருப்பின்மேல் ஒட்டிக்கொள்ளும். பாகு முறிந்துவிட்டதென்று பயந்து பலர் அங்கேயே அடுப்பை அணைத்துவிடுகிறார்கள். வேலை அப்போது பாதிதான் முடிந்திருக்கும். தீயைக் குறைத்து மேலும் கிளறி, அந்த மணல் உருகிப் பொன்னிறமாகப் பளபளக்கும்போது ஏலக்காய்ப் பொடியும் சுக்குப் பொடியும் தூவி, நெய் தடவிய தட்டில் ஒவ்வொன்றாகப் பிரித்துவிடுங்கள். மாய நகரத்து வாசம் சுக்கில்தான் வரும் என்பது என் எண்ணம். ஆறியவுடன் கண்ணாடிச் சீசாவில் இறுக மூடிவையுங்கள்.