விளிம்பில் ஒரு பெயர்: போர்ப் பதக்கங்கள் குறித்த கேள்வி பதில்

பிரிட்டிஷ் படையிலும் பிரிட்டிஷ் இந்தியப் படையிலும் இருந்தவர்களின் பதக்கங்களைப் பற்றிப் பலர் கேட்டிருக்கிறீர்கள். கேள்விகள் பெரும்பாலும் உலோகத்தைப் பற்றியவை. பதில்கள் அடிக்கடி ஆளைத் தேடிப் போய்விடும். என் வழக்கம் அப்படி.

ஐயா, பழைய பெட்டியொன்றில் வெள்ளிப் பதக்கம் கிடைத்தது. ஒருபுறம் மன்னரின் தலை, மறுபுறம் குதிரைமேல் ஆடையில்லாத ஒரு மனிதன். இது யாருடையது என்று தெரிந்துகொள்ள வழி உண்டா?

உண்டு. அது முதல் உலகப் போருக்கான பிரிட்டிஷ் போர்ப் பதக்கம். குதிரையின் காலடியில் கழுகு பொறித்த கேடயமும் மண்டையோடும் இருக்கும். ஆனால் நீங்கள் பார்க்க வேண்டிய இடம் இரண்டு முகங்களும் அல்ல, விளிம்பு. பகல் வெளிச்சம் சாய்வாக விழும்படி பிடித்துக்கொண்டு மெல்லச் சுழற்றுங்கள். எண், பதவி, பெயர், படைப்பிரிவு என்ற வரிசையில் சிறிய எழுத்துகள் ஓடும். தேய்ந்திருந்தால் கைப்பேசியில் படம் எடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள்.

அடுத்து, லண்டனில் கியூ என்ற இடத்திலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்தின் பதக்க அட்டைகளில் அந்த எண்ணையும் பெயரையும் தேடுங்கள். அவருக்கு என்னென்ன பதக்கங்கள் வழங்கப்பட்டன, பதிவேட்டின் எந்தப் பக்கத்தில் அவர் பெயர் இருக்கிறது என்பதை அட்டை சொல்லும். 1915 முடிவதற்குள் போர்க்களம் போனவர் என்றால், போய்ச் சேர்ந்த தேதியும் பெரும்பாலும் இருக்கும். அந்த ஒரு தேதி கிடைத்தாலே தேடல் பாதி முடிந்தது.

ஓர் எச்சரிக்கை. விளிம்பில் இருப்பது பொதுவாக அவர் முதன்முதலில் கடல்கடந்து பணிசெய்த படைப்பிரிவு. காயம் ஆறிய பிறகு வேறு பிரிவுக்கு மாற்றப்பட்டு, அங்கே இறந்தவர்கள் ஏராளம். பதக்கத்தில் ஒரு பிரிவும் கல்லறையில் வேறொரு பிரிவும் இருப்பதைப் பார்த்து "இது வேறு ஆள்" என்று தேடலைக் கைவிட்டவர்களை எனக்குத் தெரியும். கைவிடாதீர்கள்.

அட்டை கிடைத்தது. ஆனால் பணி ஆவணம் எங்கு தேடியும் இல்லை. அழித்துவிட்டார்களா?

எரிந்துவிட்டது. 1940 செப்டம்பரில் லண்டனில் ஆவணக் கிடங்கின்மேல் குண்டு விழுந்து, முதல் போர்க்காலச் சிப்பாய்களின் கோப்புகளில் பாதிக்கும் மேல் சாம்பலாயின. தப்பியவற்றை "எரிந்த ஆவணங்கள்" என்றே இன்றும் அழைக்கிறார்கள். படங்களில் பார்த்திருப்பீர்கள்: ஓரம் கருகிய தாள், தண்ணீர்க் கறை, நடுவில் ஒரு கையெழுத்து மட்டும் தெளிவாக.

கோப்பு இல்லையென்றால் சுற்றுவழிதான். அவருடைய பட்டாலியனின் போர் நாட்குறிப்பை எடுத்துக்கொண்டு, அவர் போய்ச் சேர்ந்த தேதியிலிருந்து படியுங்கள். சாதாரணச் சிப்பாயின் பெயர் அதில் அநேகமாக வராது. ஆனால் எந்த இரவில் மழை பெய்தது, எந்தக் காலையில் எத்தனை பேர் திரும்பவில்லை என்பது இருக்கும். அவர் அங்கே இருந்தார் என்பது உங்களுக்குத் தெரியும். இறந்தவர் என்றால் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் பட்டியலில் கட்டாயம் தேடுங்கள்.

ஒரே பெயரில் நான்கு பேர் இருக்கிறார்கள். எவர் என்னுடையவர்?

எண்ணை நம்புங்கள், ஆனால் எண்ணை மட்டும் நம்பாதீர்கள். அந்தக் காலத்தில் ஒவ்வொரு ரெஜிமெண்டும் தன் போக்கில் எண் கொடுத்தது. ஒரே எண் பலருக்கு இருந்தது. 1917-இல் பிராந்தியப் படையினருக்கு, அதாவது பகுதிநேரத் தன்னார்வ வீரர்களுக்கு, புதிய எண்கள் வந்தன. 1920-இல் பிரிட்டிஷ் ராணுவம் முழுவதற்கும் மறுபடி மாற்றினார்கள். எண், பெயர், பிரிவு மூன்றும் ஒன்றாகப் பொருந்தினால்தான் ஆள் உறுதி.

என் கொள்ளுத்தாத்தா பிரிட்டிஷ் இந்தியப் படையில் சிப்பாய். பதக்கத்தில் பெயர் இருக்கிறது. லண்டன் அட்டைகளில் அவரைக் காணவில்லையே?

அங்கே அவர் கிடைப்பது அரிது. அந்த அட்டைகள் பெரும்பாலும் பிரிட்டிஷ் ராணுவத்தினருக்கானவை. அவரை நீங்கள் ரெஜிமெண்டின் வழியாகத் தேட வேண்டும். விளிம்பில் உள்ள படைப்பிரிவின் பெயர்ச் சுருக்கத்தைப் பிரித்துப் படித்து, அந்தப் பழைய ரெஜிமெண்டின் மரபு இன்று எந்த மையத்தில் தொடர்கிறது என்று பாருங்கள். பொறியியல் பிரிவான மெட்ராஸ் சாப்பர்ஸ் என்றால் பெங்களூரு, மெட்ராஸ் ரெஜிமெண்ட் என்றால் நீலகிரியிலுள்ள வெலிங்டன். ஓய்வூதியம் பெற்றிருந்தால் வீட்டிலேயே ஒரு புத்தகமோ பணிவிடுவிப்புச் சான்றோ இருக்கக்கூடும். முதலில் பழைய டிரங்குப் பெட்டியைத் திறந்து பாருங்கள். போரில் இறந்திருந்தால் கல்லறை ஆணையத்தின் பதிவில் பல நேரங்களில் தந்தை பெயரும் ஊர்ப் பெயரும் சேர்ந்தே இருக்கும். குடும்பப் பெயர் இல்லாத நம்மவர்களை அடையாளம் காண அதைவிடப் பெரிய உதவி இல்லை.

முதல் போரில் பணிசெய்த பஞ்சாபிகளின் பதிவேடுகள் லாகூர் அருங்காட்சியகத்தில் நெடுங்காலம் கிடந்தன. சுமார் 3,20,000 பேரின் விவரங்கள் அடங்கிய அவை 2021 முதல் இணையத்தில் வெளிவரத் தொடங்கின. மற்ற பகுதிகளின் வீரர்களுக்கும் இப்படி ஒன்று வேண்டும் என்ற ஏக்கம் எனக்கு உண்டு.

இன்னொன்று. உங்களுடையது வெள்ளியாக இல்லாமல் வெண்கலமாக இருந்தால் போலி என்று நினைத்துவிடாதீர்கள். இந்தியா, சீனா போன்ற நாடுகளின் தொழிலாளர் படைகளில் சுமை தூக்கியவர்களுக்கும் சாலை போட்டவர்களுக்கும் அதே போர்ப் பதக்கத்தை வெண்கலத்தில்தான் கொடுத்தார்கள். வெள்ளியில் சுமார் 65 லட்சம், வெண்கலத்தில் சுமார் 1,10,000. அதே குண்டு மழையில் நின்றவர்களுக்கு உலோகத்தில் பாகுபாடு காட்டியது எனக்கு இன்றும் உறுத்துகிறது. வெண்கலப் பதக்கம் கையில் வந்தால் நான் கூடுதல் நேரம் செலவிடுவேன்; அந்த மனிதர்களைப் பற்றி எழுதியவர்கள் குறைவு.

இந்தியச் சிப்பாய்களுக்கு விக்டோரியா கிராஸ் தொடக்கத்திலிருந்தே கிடைத்ததா?

இல்லை. 1856-இல் அது நிறுவப்பட்டாலும், இந்தியப் படையின் இந்திய வீரர்கள் அதற்குத் தகுதி பெற்றது 1911-இல்தான். அதுவரை அவர்களுக்கு உயரிய வீர விருது 1837 முதல் வழங்கப்பட்ட இந்தியன் ஆர்டர் ஆஃப் மெரிட். 1914 அக்டோபர் 31 அன்று பெல்ஜியத்தில் காட்டிய வீரத்துக்காக விக்டோரியா கிராஸைப் பெற்ற முதல் இந்தியச் சிப்பாய் குதாதாத் கான்.

தாத்தாவின் பர்மா ஸ்டார் இது என்கிறார்கள். ஆனால் பெயரே இல்லை.

இரண்டாம் போரின் நட்சத்திரங்களைப் பிரிட்டிஷ் வீரர்களுக்குப் பெயர் பொறிக்காமலே கொடுத்தார்கள். ஆஸ்திரேலிய, தென்னாப்பிரிக்கப் படையினருக்குப் பொறித்தார்கள். இந்தியப் படையினரின் நட்சத்திரங்களிலும் பெயரைக் காணலாம். பெயரற்ற நட்சத்திரத்தை உலோகத்தை வைத்து ஒருவருக்குச் சொந்தமாக்க முடியாது. சம்பளப் புத்தகம், சீருடைப் புகைப்படம், பதக்கம் வந்த அட்டைப் பெட்டி ஆகியவைதான் சாட்சி. வீட்டில் வயதானவர் இருந்தால் இந்த வாரமே உட்கார்ந்து கேளுங்கள்.

பளபளப்பாக்கலாமா?

வேண்டவே வேண்டாம். இளவயதில் நான் ஒரு பதக்கத்தை மினுமினுக்கத் தேய்த்து, விளிம்பில் பெயரின் கடைசி மூன்று எழுத்துகளை இழந்தேன். அந்த ஆள் யாரென்று இன்றுவரை உறுதிப்படுத்த முடியவில்லை.

பெயரை மாற்றிப் பொறித்து ஏமாற்றுகிறார்களாமே?

ஆம். பழைய பெயரை அரத்தால் ராவிவிட்டுப் புதிதாகப் பொறிப்பார்கள். ராவினால் உலோகம் குறையும். போர்ப் பதக்கத்தின் விட்டம் 36 மில்லிமீட்டர். வெர்னியர் அளவியால் பல கோணங்களில் அளந்து பாருங்கள். ஓரிடத்தில் மட்டும் குறைந்தால் சந்தேகம் நியாயமானது. எழுத்துகளையும் பாருங்கள்: அச்சால் அழுத்திய எழுத்து ஒரு மாதிரி, உளியால் செதுக்கியது வேறு மாதிரி. ஆனால் செதுக்கியதெல்லாம் போலி என்று சொல்லிவிட முடியாது. சில போர்களின் பதக்கங்களை அதிகாரபூர்வமாகவே செதுக்கினார்கள். எந்தப் பதக்கத்துக்கு எந்த முறை என்று படித்துவிட்டு முடிவுசெய்யுங்கள்.

தேய்மானமும் பேசும். 1882-இல் எகிப்தில் போரிட்டவர்கள் வெள்ளிப் பதக்கத்தையும் எகிப்தின் ஆட்சியாளரான கெதீவ் கொடுத்த வெண்கல நட்சத்திரத்தையும் அருகருகே அணிந்தார்கள். நடக்க நடக்க நட்சத்திரத்தின் முனைகள் வெள்ளியில் மோதி, ராணியின் முகத்தில் அம்மைத் தழும்புபோலக் குழிகளை உண்டாக்கின. குழிகள் விலையைக் குறைக்கும் என்பார்கள் விற்பவர்கள். எனக்கு அவை ஒருவர் அந்தப் பதக்கத்தை உண்மையிலேயே அணிந்து நடந்ததற்கான தடயம்.

ஒருவருடைய மூன்று பதக்கங்களில் ஒன்று மட்டும் விற்பனைக்கு வருகிறது. வாங்கலாமா?

மற்றவை எங்கே என்று தேடும் பொறுமை இருந்தால் வாங்குங்கள். உங்கள் கையில் ஒரு தொகுதி முழுமையாக இருந்தால் ஒருபோதும் பிரித்து விற்காதீர்கள். இறந்தவரின் குடும்பத்துக்கு அனுப்பிய நினைவுத் தகடு இருந்தால் அதையும் சேர்த்தே வைத்திருங்கள். சுமார் 12 சென்டிமீட்டர் அகல வெண்கல வட்டம் அது. அதில் பெயர் மட்டுமே இருக்கும். தியாகத்தில் உயர்வு தாழ்வு இல்லை என்பதற்காகப் பதவியை வேண்டுமென்றே விட்டுவிட்டார்கள்.

என்னிடமுள்ள பதக்கத்துக்கு உரியவர் வீரச்செயல் எதுவும் செய்யவில்லை. குதிரை வண்டி ஓட்டிவிட்டு உயிரோடு திரும்பியிருக்கிறார். இவரை ஆராய என்ன இருக்கிறது?

நிறைய இருக்கிறது. வண்டிகள் போகாமல் எந்தப் பீரங்கியும் சுட்டதில்லை. அவருடைய பிரிவு எந்தச் சாலையில் எந்த மாதம் சென்றது, எத்தனை குதிரைகளை இழந்தது என்று நாட்குறிப்பில் பாருங்கள். பிறகு பிரிட்டிஷ் மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், போருக்குப்பின் அவர் என்ன வேலைக்குப் போனார், யாரை மணந்தார் என்று தேடுங்கள். கிடைத்ததை ஒரு பக்கத்தில் எழுதி, அமிலமற்ற காகிதத்தில் மடித்துப் பதக்கத்தோடு வையுங்கள். பென்சிலால் எழுதுங்கள், மை ஊறி ரிப்பனில் இறங்கிவிடும்.