அந்த 28 பக்க எண்தான்

'போர்ட்ரெய்ட் ஆஃப் எ லேடி ஆன் ஃபயர்' (2019) படத்தில், ஹெலோயிஸின் ஓவியத்தில் தெரியும் 28 எதைக் குறிக்கிறது என்று கேட்டிருந்தீர்கள். அது அவள் கையிலிருக்கும் புத்தகத்தின் பக்க எண். பிரிவதற்கு முன், அவளைக் காதலித்த ஓவியர் மரியான் தன் உருவத்தை ஹெலோயிஸின் புத்தகத்தில் அந்தப் பக்கத்தில்தான் வரைந்து கொடுத்தாள். பிறகு குழந்தையோடு நிற்கும் ஓவியத்தில் ஹெலோயிஸின் விரல் அதே பக்கத்தை லேசாகத் திறந்து பிடித்திருக்கிறது. பார்ப்பவர்களுக்கு அது வெறும் புத்தகம். மரியானுக்கு மட்டும் அது கடிதம். எனக்குத் தொண்டை அடைத்துப்போன இடம்.

வரையும் காட்சியைத் தவறவிட்டிருப்பீர்கள். ஹெலோயிஸின் உடல்மேல் கண்ணாடியைச் சாய்த்துவைத்து, அதைப் பார்த்து மரியான் வரைவாள். அங்கே போய்ப் பாருங்கள்.

ஒன்று: இதை வைத்து, அரங்கில் விவால்டியின் இசை ஒலிக்கும் கடைசிக் காட்சியில் ஹெலோயிஸ் மரியானைக் கவனித்துவிட்டாள் என்று முடிவுகட்டாதீர்கள். பார்க்கவில்லை என்றுதான் மரியான் சொல்கிறாள்.