தோற்ற பிறகும் கூட்டத்துக்கு வருவது

அன்புள்ள ஐயா,

வணக்கம். மலேசியாவில் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தமிழ்ப்பள்ளியில் ஆசிரியையாக இருக்கிறேன். தமிழ்மொழிக் கழகம் இந்த ஆண்டு என் பொறுப்பில் வந்திருக்கிறது. ஐவர் சேர்ந்து செய்ய ஒரு ஃபோலியோ (செயல்திட்டத் தொகுப்பு) கொடுத்தால் கெட்டிக்காரப் பிள்ளை ஒன்று முழுவதையும் செய்துவிடுகிறது. மற்ற நால்வரும் பெயரை மட்டும் எழுதுகிறார்கள். ஒற்றுமையைப் பற்றிப் பேசினால் தலையாட்டுகிறார்கள், அதோடு சரி. சாரணர் இயக்கத்தில் சேர்க்கச் சொன்னால் பெற்றோர் டியூஷன் இருக்கிறது என்கிறார்கள். ஒரு தாத்தா நேராகவே சொன்னார்: "சங்கம் கிங்கமெல்லாம் வேண்டாம் டீச்சர், சண்டையிலதான் முடியும்." அவருக்கு என்ன பதில் சொல்வது?

- ஓர் ஆசிரியை

அன்புள்ள டீச்சர்,

அந்தத் தாத்தாவை அவசரப்பட்டு மறுத்துப் பேசாதீர்கள். சங்கம் என்றால் பயப்படுவதற்கு இந்த ஊரில் காரணம் இருந்தது. 1948 ஜூன் 16-ஆம் தேதி சுங்கை சிப்புட்டில் மூன்று வெள்ளைக்கார ரப்பர்த் தோட்ட நிர்வாகிகள் சுட்டுக் கொல்லப்பட்டதும், பிரிட்டிஷ் அரசு மலாயாவில் அவசரகாலத்தை அறிவித்தது. அதே மாதத்தில்தான் அகில மலாயா தொழிற்சங்கச் சம்மேளனமும் முடக்கப்பட்டது. அதற்குத் தலைவராக இருந்த எஸ்.ஏ. கணபதி மறு ஆண்டே தூக்கிலிடப்பட்டார். அந்தக் காலத்தில் தோட்டத் தொழிலாளர்கள் குடியிருந்த லயத்து வீடுகளில் பிள்ளை வளர்த்தவர்கள் "எதிலும் பேர் கொடுக்காதே" என்று சொல்லித்தான் வளர்த்திருப்பார்கள். அந்தப் பேச்சு மூன்று தலைமுறை தாண்டி உங்கள் வகுப்பு வாசல்வரை வந்திருக்கிறது.

ஆனால் அதே ஊர், அதே மக்கள் கதையின் இன்னொரு பாதியும் உண்டு. அவசரகாலம் முடியும் முன்பே, 1954-இல், சிறு சிறு சங்கங்கள் ஒன்றாகித் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் ஆயின. அப்புறம், சுதந்திரத்தை ஒட்டிய ஆண்டுகளில் வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களைத் துண்டு போட்டு விற்கத் தொடங்கின. தோட்டம் கைமாறினால் வேலை போகும். வேலை போனால் லயத்து வீடும் போகும். தொழிலாளர்களே சேர்ந்து தோட்டங்களை வாங்குவதற்காக, இதே சுங்கை சிப்புட்டில் பிறந்து அப்போது அமைச்சராக இருந்த துன் வீ.தி. சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். ஒரு பங்கு 100 வெள்ளி. மாதம் 10 வெள்ளியாகக் கட்டலாம். நாள் சம்பளம் சில வெள்ளியாக இருந்தவர்களுக்கு அந்தப் பத்து வெள்ளி பெரிய காசு. தனியாளாக அதை வைத்துக்கொண்டு ஒரு ரப்பர் மரத்தைக்கூட வாங்க முடியாது. சேர்த்தபோது கெடாவில் புக்கிட் சிடிம் தோட்டத்தையே வாங்கினார்கள். அதுதான் முதல் தோட்டம். பிறகு இன்னும் பல வந்தன.

இதைப் பிள்ளைகளுக்குச் சொல்லும்போது தலைவர் படத்தை மட்டும் காட்டி நிறுத்திவிடாதீர்கள். மாதாமாதம் ஒருவர் காசு வாங்கியிருப்பார், ஒருவர் ரசீது எழுதியிருப்பார், ஒருவர் கணக்கைச் சரிபார்த்திருப்பார். பேர் தெரியாத அந்த மூன்று பேர்தான் உங்கள் பாடம்.

தாத்தா சொல்லும் சண்டைக்கு வருகிறேன். அது பொய்யில்லை. கோயில் கமிட்டியில் தேர்தல் நடக்கும், ஓர் அணி தோற்கும். அடுத்த மாதமே தோற்ற அணி வெளியே போய்ப் புதுச் சங்கம் வைக்கும். 1966-ஆம் ஆண்டுச் சங்கங்கள் சட்டப்படி பதிவு செய்ய ஏழு பேர் இருந்தால் போதும். கோபக்காரர்கள் ஏழு பேர் கிடைப்பதா கஷ்டம்? ஒரே தாமானில் (குடியிருப்புப் பகுதியில்) ஒரே வேலைக்கு இரண்டு சங்கம் இருப்பது இப்படித்தான். நாம் மேடையில் ஒற்றுமை, ஒற்றுமை என்று பேசினோமே தவிர, தோற்ற பிறகும் அடுத்த கூட்டத்துக்கு வர யாரையும் பழக்கவில்லை. பத்து வயதில் பழகாததை ஐம்பது வயதில் கோயில் மண்டபத்தில் பழக முடியாது. உங்கள் கழகம் ஒன்றே ஒன்றைச் சொல்லித் தருமானால் இதைச் சொல்லித் தரட்டும் என்பேன்.

அதற்குப் பிள்ளைகள் கையில் உண்மையான முடிவு ஒன்று இருக்க வேண்டும். சிறு தொகை போதும். கதைப் புத்தகம் வாங்குவதா, சுவரிதழுக்கு வண்ணத்தாள் வாங்குவதா? பேசட்டும், கை தூக்கட்டும். தோற்ற பக்கத்திலிருந்து ஒரு பிள்ளையைப் பொருளாளர் ஆக்குங்கள். தனக்குப் பிடிக்காத முடிவுக்கான காசை அது ஒழுங்காக எண்ணிக் கணக்கு எழுதும் நாளில் நீங்கள் பெரிய பாடம் நடத்தி முடித்திருப்பீர்கள். கூட்டக் குறிப்பையும் அவர்களே எழுதட்டும்: யார், எதை, எப்போது செய்வதாகச் சொன்னார்கள். அடுத்த கூட்டம் அதை வாசித்துத்தான் தொடங்க வேண்டும். "நான் செய்யல" என்று நண்பர்கள் முன்னால் சொல்வது, டீச்சரிடம் திட்டு வாங்குவதைவிடக் கஷ்டம். நீங்கள் குறுக்கே போகாதீர்கள். சுவரிதழ் ஒரு வாரம் தாமதமானால் ஆகட்டும்.

ஃபோலியோ விஷயம் எளிது. அதை ஒரு பிள்ளையே தனியாகச் செய்துவிட முடியும், அதனால் செய்கிறது. தனியாகச் செய்ய முடியாத வேலையாகப் பாருங்கள். செம்பனை (எண்ணெய்ப் பனை) வெட்டப் போகும் அப்பா அம்மாவைப் பிள்ளைகள் பார்த்திருப்பார்கள். ஒருவர் நீண்ட கழி அரிவாளால் குலையை வெட்டுவார், மற்றவர் உதிரிப் பழத்தைப் பொறுக்கி மட்டையை ஒதுக்குவார். ஒருவர் வராவிட்டால் அன்றைய வேலை பாதிதான். பள்ளியில் இதற்கு நான் சொல்லும் யோசனை, இப்போது தாமானாக மாறிவிட்ட ஒரு பழைய தோட்டத்தின் கதையைச் சேகரிப்பது. ஒரு பிள்ளை பெரியவர்களிடம் கேள்வி கேட்கும், ஒன்று கைப்பேசியில் பதிவு செய்யும், ஒன்று எழுதும், ஒன்று லயம், கோயில், ஆயா கொட்டகை (குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் இடம்) இருந்த இடங்களை வரைபடமாக வரையும். அந்தக் கெட்டிக்காரப் பிள்ளையிடம் பேனாவைக் கொடுக்காதீர்கள். மற்றவர்களைக் கேட்டு வேலை வாங்கும் பொறுப்பைக் கொடுங்கள். இத்தனை நாள் நால்வர் சுமையையும் அது தூக்கியிருக்கிறது, பாவம். அதை நாம் பாராட்டு என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம்.

பெற்றோருக்கு ஒரு தகவல்: அரசாங்கப் பல்கலைக்கழக நுழைவுக்கான புள்ளியில் பத்து விழுக்காடு கழகம், சாரணர் போன்ற புறப்பாட நடவடிக்கைக்குத்தான். இதை அவர்களிடம் சொல்லுங்கள். பிள்ளைகளிடம் வேண்டாம், சான்றிதழ் சேர்க்கக் கிளம்பிவிடுவார்கள்.

இன்னொன்றும் விசாரியுங்கள். டியூஷன் என்று சொல்லும் சில வீடுகளில் உண்மைக் காரணம் வண்டி. பள்ளி பஸ் மதியமே போய்விட்டால் உள்தோட்டத்துப் பிள்ளை எப்படி வீடு திரும்பும்? அதைச் சொல்ல வெட்கப்பட்டு டியூஷன் என்கிறார்கள். அடுத்த பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில், கழகம் நடக்கும் நாளில் யார் யார் காரில் எத்தனை பிள்ளைகளை ஏற்றிப் போக முடியும் என்று கேட்டு ஒரு பட்டியல் போடுங்கள். சாரணரைப் பற்றி அதற்கு அப்புறம் பேசலாம்.

அன்புடன்.