ஆம்புலன்ஸ் வேலையை விடாமல் நர்சிங் படிக்க முடியுமா?

கேள்வி: ஐயா, வணக்கம். எனக்கு வயது 24. தருமபுரி மாவட்டம். பி.எஸ்சி. விலங்கியல் முடித்து, இரண்டு ஆண்டுகளாக 108 ஆம்புலன்ஸில் அவசரகால மருத்துவ உதவியாளராக (இ.எம்.டி.) வேலை பார்க்கிறேன். கையில் 18,500 ரூபாய் வருகிறது. வீட்டுக்கு 8,000 அனுப்பி, ஆர்.டி.யில் 3,000 போட்டது போக, மீதி 7,500 என் அறை வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் சரியாகிவிடுகிறது. வங்கியில் 1,60,000 ரூபாயும் ஆர்.டி.யில் இதுவரை 54,000 ரூபாயும் இருக்கின்றன. அப்பா இல்லை. அம்மா இரண்டு மாடுகளை வைத்துச் சொசைட்டிக்குப் பால் ஊற்றுகிறார். தம்பி அரசுப் பள்ளியில் பிளஸ் ஒன் படிக்கிறான். நான் நர்சிங் படிக்க ஆசைப்படுகிறேன். பெங்களூரு பக்கம் ஒரு கல்லூரியில் இடம் வாங்கித் தருவதாக ஏஜென்ட் ஒருவர் சொல்கிறார். ஆண்டுக்கு 1,30,000 ரூபாய் கட்டினால் போதும், வருகைப்பதிவை அவர்களே பார்த்துக்கொள்வார்கள், தேர்வுக்கு மட்டும் போனால் போதும், வேலையை விட வேண்டியதில்லை என்கிறார். முன்பணமாக 10,000 கொடுத்துவிட்டேன். இன்னும் 50,000 ரூபாயும் அசல் சான்றிதழ்களும் கேட்கிறார். அம்மா ஐந்து பவுன் நகையை அடகு வைக்கலாம் என்கிறார். இரண்டையும் சேர்த்துச் செய்யலாமா?

பதில்: ஏஜென்ட் சொல்லும் வழியில் சேராதீர்கள். நர்சிங் படிக்கலாம். உங்கள் கணக்கைப் பார்த்தால், நகையைத் தொடாமலே அதற்கு வழியும் இருக்கிறது. ஆனால் ஆம்புலன்ஸ் வேலையும் நர்சிங் படிப்பும் ஒரே ஆண்டில் சேராது. ஒன்றை முடித்து மற்றொன்று என்று அடுத்தடுத்துத்தான் வைத்துக்கொள்ள முடியும்.

முதலில் அந்த 'வருகைப்பதிவு' விஷயம். இந்திய நர்சிங் கவுன்சில் விதிப்படி, தேர்வு எழுதுவதற்கே 80 சதவீத வருகை வேண்டும். பட்டம் பெறுவதற்கு முன் மருத்துவமனைப் பயிற்சி நேரத்தை 100 சதவீதமும் முடித்திருக்க வேண்டும். பன்னிரண்டு மணி நேர ஷிப்டில், ஒரு வாரம் பகலும் ஒரு வாரம் இரவுமாக வண்டியில் இருக்கும் ஒருவர் இதை நேர்மையாக நிறைவேற்ற வழியே இல்லை. நிறைவேற்றியதாக யாராவது எழுதித் தருகிறார்கள் என்றால் அந்த எழுத்து பொய். அந்தப் பொய்யின் விலையை நான் ஒருமுறை என் மேசை மேலேயே பார்த்தேன். சில ஆண்டுகளுக்கு முன் வெளிநாட்டு வேலைக்கு முயன்றுகொண்டிருந்த ஒரு பெண் கடன் ஆலோசனைக்காக வந்திருந்தார். ரெக்சின் பையிலிருந்து தன் பயிற்சிப் பதிவேட்டை எடுத்து வைத்தார். அதில் அவர் பார்த்ததாக எழுதப்பட்டிருந்த இருபது பிரசவங்களும் ஒரே பேனாவில், ஒரே கையெழுத்தில், ஒரே மூச்சில் எழுதியது போல இருந்தன. வெளிநாட்டுச் செவிலியர் கவுன்சில், வகுப்பு நேரமும் வார்டு நேரமும் பாடவாரியாக எத்தனை என்று நேரடியாகக் கல்லூரிக்கே எழுதிக் கேட்டிருந்தது. கல்லூரி பதில் அனுப்பவில்லை. அவர் படிப்புக்காக வாங்கிய கடனுக்கு மட்டும் மாதாமாதம் தவணை வந்துகொண்டிருந்தது.

இது பணத்தோடு நிற்கிற விஷயமும் அல்ல. ஓடும் வண்டியில், குலுங்கக் குலுங்க ரத்த அழுத்தம் பார்த்துப் பழகிய கை உங்களுடையது. வார்டில் நிற்காமல் வாங்கிய பட்டத்தோடு ஒரு நோயாளியின் அருகில் போவது எப்படிப்பட்டது என்பது என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும்.

இனி, இந்தப் படிப்பு உங்களுக்கு உண்மையில் எவ்வளவு செலவு வைக்கும் என்று பார்ப்போம். ஆண்டுக்கு 1,30,000 வீதம் நான்கு ஆண்டுகளுக்கு 5,20,000 ரூபாய் என்று நீங்கள் கணக்குப் போட்டிருப்பீர்கள். முறையாகப் படித்தால் அதைவிடப் பெரிய செலவு கட்டணம் அல்ல, நீங்கள் விடப்போகும் சம்பளம். மாதம் 18,500 வீதம் 48 மாதங்களுக்கு 8,88,000 ரூபாய். கட்டணமும் விடுதியும் ஆண்டுக்கு ஒரு லட்சம் என்று வைத்துக்கொண்டால், மொத்த விலை ஏறக்குறைய 12,90,000 ரூபாய். இந்தத் தொகையைப் பார்த்துத் தயங்குவது தவறல்ல. தயங்கித்தான் முடிவெடுக்க வேண்டும்.

ஏனென்றால் படித்து முடித்த முதல் நாளில் சம்பளம் தாவிவிடாது. மாவட்ட நலவாழ்வுச் சங்கங்கள் ஒப்பந்தச் செவிலியர்களுக்கு விளம்பரம் செய்யும் தொகுப்பூதியம் 18,000 ரூபாய். நீங்கள் இன்று வாங்குவதை ஒட்டிய தொகைதான் அது. பல தனியார் மருத்துவமனைகளில் தொடக்கச் சம்பளம் அதைவிடவும் குறைவு. அப்படியானால் எதற்குப் படிக்க வேண்டும்? இ.எம்.டி. வேலையில் பத்து ஆண்டுகள் கழித்தும் பெரிய ஏற்றத்துக்குப் படிகள் அதிகம் இல்லை. செவிலியருக்கு அந்தப் படிகள் உண்டு. மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் வழியாக நுழைபவர்கள் தொகுப்பூதியத்தில் தொடங்கினாலும், காலியிடம் வரும்போது காலமுறை ஊதியத்துக்கு மாறுகிறார்கள். எய்ம்ஸ் நிறுவனங்களின் நர்சிங் அலுவலர் பணியில் அடிப்படை ஊதியமே 44,900 ரூபாய், அகவிலைப்படி அதற்கு மேல். அயல்நாட்டு வேலைக்குத் தமிழக அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனமே ஆள் எடுக்கிறது. இந்தப் படிகளில் ஏற வேண்டும் என்ற உறுதி இருந்தால் மட்டுமே 12,90,000 ரூபாய்க்கு அர்த்தம் உண்டு. உள்ளூரிலேயே, ஒரே மருத்துவமனையில் வேலை பார்த்தால் போதும் என்பது உங்கள் எண்ணமானால் இந்த விலை அதிகம் என்றே சொல்வேன்.

இங்கே உங்கள் வயதும் கணக்கில் வருகிறது. எய்ம்ஸ் நர்சிங் அலுவலர் தேர்வுக்குப் பொதுவான வயது வரம்பு 30. இதர பிற்படுத்தப்பட்டோருக்கு 3 ஆண்டும், பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு 5 ஆண்டும் தளர்வு உண்டு. அடுத்த ஆண்டு சேர்ந்தால் பி.எஸ்சி. முடிக்கும்போது உங்களுக்கு 29 ஆகிவிடும். இரண்டு ஆண்டு தள்ளிப்போட்டால் பொதுப் பிரிவினருக்கு அந்தக் கதவு ஏறக்குறைய மூடிவிடும்.

ஆகவே இந்த ஆண்டு செய்ய வேண்டியது, வேலையில் இருந்துகொண்டே அடுத்த சேர்க்கைக்குத் தயாராவது. பிளஸ் டூவில் இயற்பியல், வேதியியல், உயிரியல் படித்திருப்பீர்கள் என்று எண்ணுகிறேன். தமிழ்நாட்டில் நர்சிங்குக்கு நீட் மதிப்பெண் கேட்பதில்லை, பிளஸ் டூ மதிப்பெண் அடிப்படையில்தான் கலந்தாய்வு நடக்கிறது. பி.எஸ்சி. நர்சிங், அரசுச் செவிலியர் பள்ளிகளின் மூன்றாண்டு டிப்ளமோ இரண்டுக்கும் விண்ணப்பம் போடுங்கள். 'ஏற்கெனவே பட்டதாரி, இனி டிப்ளமோவா' என்று யாராவது கேட்டால் பொருட்படுத்தாதீர்கள். மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியத்தின் செவிலியர் பணிக்கு டிப்ளமோவும் பட்டமும் ஒரே வரிசையில்தான் நிற்கின்றன. பின்னால் வேண்டுமென்றால், டிப்ளமோ முடித்தவர்கள் பட்டம் பெறுவதற்கான இரண்டாண்டு போஸ்ட் பேசிக் பி.எஸ்சி. படித்துக்கொள்ளலாம். எய்ம்ஸ் தேர்வுக்கு மட்டும், டிப்ளமோ முடித்தவர்கள் ஐம்பது படுக்கை மருத்துவமனையில் இரண்டு ஆண்டு அனுபவம் காட்ட வேண்டும். உங்கள் இப்போதைய ஆம்புலன்ஸ் ஆண்டுகள் அந்தக் கணக்கில் சேராது, ஏனெனில் செவிலியராகத் தகுதி பெற்ற பிறகு பெற்ற அனுபவத்தைத்தான் கேட்கிறார்கள்.

அரசு டிப்ளமோ கிடைத்தால் பணக்கணக்கு இப்படி வரும். வீட்டுக்கு 8,000 அனுப்ப முடியாது, 3,000 அனுப்பலாம். உங்கள் சாப்பாடு, சில்லறைச் செலவுக்கு இன்னொரு 3,000. மாதம் 6,000 வீதம் 36 மாதங்களுக்கு 2,16,000 ரூபாய். உங்கள் கையிருப்பு 2,14,000. கிட்டத்தட்ட ஒன்றுக்கொன்று சரி. சேரும் வரையிலான மாதங்களில் ஆர்.டி.யில் விழும் தொகை கட்டணத்துக்கும் சீருடைக்கும் ஆகும். அதாவது, ஒரு ரூபாய் கடன் இல்லாமல் நீங்கள் செவிலியர் ஆகிவிடலாம். உங்கள் இரண்டு ஆண்டு இரவு ஷிப்டுகள் இதைச் சாதித்து வைத்திருக்கின்றன என்பதை மனதார மதித்துச் சொல்கிறேன். இந்தச் சேமிப்பைத்தான் ஏஜென்ட் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

அரசுக் கல்லூரியில் பி.எஸ்சி. கிடைத்தால் ஓராண்டு கூடுகிறது. அதே 6,000 வீதம் 2,88,000 ரூபாய் ஆகும். பள்ளம் முக்கால் லட்சத்தை ஒட்டியே இருக்கும், சிறு கல்விக் கடனில் அடைத்துவிடலாம்.

சுயநிதிக் கல்லூரியில் அரசு ஒதுக்கீட்டு இடம்தான் கிடைத்தது என்றால் கல்விக் கடன் அவசியமாகும். வித்யாலட்சுமி இணையதளம் வழியாக விண்ணப்பியுங்கள். வங்கிகளின் மாதிரிக் கல்விக் கடன் திட்டத்தில் 4 லட்சம் ரூபாய் வரை நம் பங்காக முன்பணம் கேட்பதில்லை, 7.5 லட்சம் வரை சொத்து அடமானமும் கேட்பதில்லை. படிப்புக் காலமும் அதற்கு மேல் ஓராண்டும் தவணை கிடையாது. ஆனால் வட்டி அப்போதும் ஓடிக்கொண்டிருக்கும் என்பதைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். ஆண்டுக்கு ஒரு லட்சம் வீதம் நான்கு தவணையாக, 10 சதவீத வட்டியில் வாங்கினால், ஐந்தாம் ஆண்டு முடிவில் தனிவட்டி மட்டுமே 1,40,000 ரூபாய் சேர்ந்திருக்கும். 5,40,000 ரூபாயைப் பத்து ஆண்டுகளில் அடைக்க மாதம் 7,100 ரூபாய்க்கு மேல் வேண்டும். 18,000 ரூபாய் தொகுப்பூதியத்தில் அது மூச்சை அடைக்கும். படிக்கும்போதே வட்டியை மட்டும் கட்டிவந்தால், முதல் ஆண்டில் மாதம் 830 ரூபாய், நான்காம் ஆண்டில் 3,330 ரூபாய் ஆகும். வட்டியைத் தவறாமல் கட்டுபவர்களுக்கு ஒரு சதவீதம் வரை குறைக்கும் வங்கிகளும் உண்டு. பிறகு தவணை 5,300 ரூபாய்க்குள் அடங்கிவிடும். குடும்ப ஆண்டு வருமானம் 4.5 லட்சத்துக்குள் இருந்தால் படிப்புக் கால வட்டியை மத்திய அரசே ஏற்கும் திட்டமும் இருக்கிறது. அந்தக் கல்லூரி அதற்குத் தகுதி உடையதா என்பதைச் சேர்வதற்கு முன்பே வங்கியில் கேட்டுவிடுங்கள்.

அம்மாவின் நகை வேண்டாம். நகைக் கடன் பொதுவாக ஓராண்டில் அசலும் வட்டியும் கட்டி மீட்க வேண்டிய கடன். படிப்போ மூன்று, நான்கு ஆண்டுகள். நடுவில் மாடு ஒன்று சினை பிடிக்காமல் போனாலோ, மழை பொய்த்துத் தீவன விலை ஏறினாலோ அந்த வீட்டுக்கு எஞ்சியிருக்கும் ஒரே ஆதாரம் அந்த ஐந்து பவுன். அம்மாவோடு உட்கார்ந்து, மாதம் 5,000 குறைவதை அவர் எப்படிச் சமாளிப்பார் என்று வெளிப்படையாகப் பேசுங்கள். தாய்மார்கள் 'நான் பார்த்துக்கொள்கிறேன்' என்றுதான் சொல்வார்கள். நீங்கள் பால் கணக்கு நோட்டை வாங்கிப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். தம்பி ஆறாம் வகுப்பு முதலே அரசுப் பள்ளியில் படித்திருந்தால், கல்லூரியில் சேர்ந்ததும் தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் அவன் கணக்கில் வரும்.

வேலையை விட்டால் இ.எஸ்.ஐ. பாதுகாப்பும் போய்விடும். அப்போது குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் வந்துவிட்டால், முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் வீட்டார் பெயர்கள் இருக்கின்றனவா என்று பார்த்து, இல்லையென்றால் சேர்த்துவிடுங்கள். பி.எஃப். பணத்தை எடுக்க வேண்டாம். ஐந்து ஆண்டுக்கு முன் எடுத்தால் வரிக் கணக்கில் வரும், வைத்திருந்தால் வட்டி வளரும், நாளை எந்த வேலையில் சேர்ந்தாலும் பி.எஃப். உறுப்பினருக்கான அதே யு.ஏ.என். எண் தொடரும்.

உங்கள் இ.எம்.டி. பயிற்சி இதில் வீணாகவில்லை. நர்சிங் இறுதித் தேர்வு முடிந்து, செவிலியர் கவுன்சிலில் பதிவு எண் வாங்கிக்கொண்டு, அரசுத் தேர்வுகளுக்குக் காத்திருக்கும் மாதங்களில் பலரும் வருமானமின்றி வீட்டில் இருப்பார்கள். 108 சேவை செவிலியர் படித்தவர்களையும் இ.எம்.டி.யாக எடுக்கிறது. வயது வரம்புக்குள் இருந்தால் நீங்கள் திரும்பிப் போகலாம். மருத்துவமனையின் அவசர சிகிச்சைப் பிரிவில் சேர்ந்தாலும், விபத்து நோயாளி உள்ளே வருவதற்கு முன் என்ன நடந்திருக்கும் என்று தெரிந்த செவிலியராக இருப்பீர்கள். இதையே தலைகீழாக, நர்சிங் படிக்கும் மகளுக்கு வார இறுதியில் பணம் கட்டி இ.எம்.டி. டிப்ளமோவும் வாங்கித் தரலாமா என்று கேட்கும் பெற்றோர்களுக்கும் சொல்கிறேன்: 108 சேவையில் தேர்வானவர்களுக்கு ஏறக்குறைய 50 நாள் பயிற்சியை அவர்களே அளிக்கிறார்கள். வேலையோடு வரும் பயிற்சியைக் காசு கொடுத்து வாங்க வேண்டாம்.

ஏஜென்டிடம் கொடுத்த 10,000 ரூபாயைத் திரும்பக் கேட்டு இன்றே வாட்ஸ்அப்பில் எழுத்தாக ஒரு செய்தி அனுப்பி, அதையும் பணம் அனுப்பிய ரசீதையும் பத்திரப்படுத்துங்கள். வந்தால் ஆர்.டி.யோடு சேருங்கள். வராவிட்டாலும், போன பத்தாயிரத்தை மீட்பதற்காக இன்னொரு ஐம்பதாயிரத்தைக் கொடுத்துவிடாதீர்கள். அசல் சான்றிதழ்களை எந்தக் காரணத்துக்காகவும் அவர் கையில் தர வேண்டாம். அடுத்த கலந்தாய்வின் சான்றிதழ் சரிபார்ப்புக்கு உங்களுக்கு அவை தேவைப்படும்.