வாணலியில் வைஃபை: மெக்கானிக் பதில்கள்

போன இதழில், “பழைய யூஎஸ்பி வைஃபை டாங்கிளைக் குப்பையில் போடாதீர்கள், அதை வைத்து விளையாடலாம்” என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதிவிட்டேன். (டாங்கிள் என்றால் கம்ப்யூட்டரில் செருகினால் வைஃபை பிடித்துத் தரும் சின்னக் குச்சி.) வந்த கடிதங்களில் பாதி அதைப் பற்றித்தான். ஆகவே இந்த வாரம் டிவி, மிக்ஸி, இன்வெர்ட்டருக்கெல்லாம் விடுமுறை.

கே: வீட்டில் ரவுட்டர் இருக்கிறது. 350 மீட்டர் தள்ளி மோட்டார் ரூமில் ஒரு பழைய கம்ப்யூட்டரும் டாங்கிளும் வைத்திருக்கிறேன். நடுவில் தென்னை. சிக்னல் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. மாடியில் வேண்டாமென்று கழற்றிப்போட்ட டிடிஎச் டிஷ் கிடக்கிறது, உதவுமா?
— தோப்புக்காரர், பொள்ளாச்சி

உதவுமாவா? என்னைக் கேட்டிருந்தால் அதைத்தான் முதலில் எடுக்கச் சொல்லியிருப்பேன். வைஃபை அலையின் நீளம் 12 சென்டிமீட்டர் சொச்சம், டிஷ் 60 சென்டிமீட்டர். கணக்குப்படி சிக்னல் 20 டெசிபல் கூட வேண்டும் (டெசிபல் என்பது பலத்தின் அளவு, 10 ஏறினால் பத்து மடங்கு). ஆனால் டாங்கிளுக்குள் இருக்கும் துக்கடா ஆன்டெனா டிஷ் முழுவதையும் ஒழுங்காகப் பார்க்காது, அதனால் 12 கிடைத்தால் நல்ல வேலை என்று வைத்துக்கொள்ளுங்கள். திறந்த வெளியில் 6 டெசிபலுக்கு ஒரு முறை தூரம் இரட்டிக்கும். அப்படியானால் 12-க்கு நான்கு மடங்கு.

டிஷ்ஷுக்கு முன்னால் கம்பி நுனியில் சிக்னல் வாங்க இருக்கும் எல்என்பி பெட்டியைக் கழற்றிவிட்டு, அதே இடத்தில் டாங்கிளை டிஷ்ஷைப் பார்த்த மாதிரி கட்டுங்கள். எல்லோரும் கோட்டை விடுவது அடுத்த கட்டத்தில். இந்த டிஷ் தன் முகம் பார்க்கும் திசையிலிருந்து எடுக்காது, அதைவிட இருபது இருபத்தைந்து டிகிரி மேலே இருந்து எடுக்கும். வீட்டைப் பார்க்கட்டும் என்று நேராக நிமிர்த்தி வைத்தால் அது வானத்தில் காக்காய் பார்த்துக்கொண்டிருக்கும். திட்டு வாங்கிய பையன் மாதிரி தலை குனிந்து நிற்க வேண்டும். அப்புறம் சிக்னல் அளவைப் பார்த்துக்கொண்டே இம்மி இம்மியாகத் திருப்புங்கள். அந்த அளவு மைனஸில் காட்டும், பூஜ்யத்தை நெருங்க நெருங்க நல்லது. மைனஸ் 85 என்றால் இழுத்துக்கொண்டு கிடக்கும், மைனஸ் 70 வந்துவிட்டால் கையை எடுத்துவிடுங்கள். டாங்கிளையும் படுக்கையாக ஒரு தரம், செங்குத்தாக ஒரு தரம் வைத்துப் பாருங்கள். ரவுட்டர் ஆன்டெனா நிற்க, இது படுத்திருந்தால் சிக்னலில் பெரும்பங்கு வீணாகப் போகும்.

தென்னைதான் உங்கள் நிஜ எதிரி. ஓலையில் இருப்பது தண்ணீர், வைஃபை ஓடும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையை அது நன்றாகக் குடிக்கும். நேர்க்கோட்டில் தெரிந்தால் மட்டும் போதாது. 350 மீட்டருக்கு நடுவழியில், அந்தக் கோட்டைச் சுற்றி எல்லாப் பக்கமும் சுமார் 3.3 மீட்டராவது காலியாக இருந்தால் நல்லது. இருபத்தைந்து அடி இடைவெளியில் கன்று வைத்த தோப்பு என்றால் இரண்டு வரிசைக்கு நடுவே கச்சிதமாகப் போகும். கொண்டைக்கு மேலே ஏற்றப் பார்க்காதீர்கள், கொண்டைக்குக் கீழே தண்டுகளுக்கு நடுவே விடுங்கள். ரவுட்டரை அந்த வரிசை தெரிகிற ஜன்னலுக்கு மாற்றுங்கள்.

டாங்கிளுக்கு மழைக்காகப் பால் கவர் போதும், ஜிகினாத் தாள் கூடாது.

கேபிளைப் பற்றி ஒரு சொந்தக் கதை. முதன்முதலில் நான் செய்தபோது டாங்கிளை மேஜையில் வைத்துக்கொண்டு, மாடி ஆன்டெனாவுக்குப் பன்னிரண்டு மீட்டர் ஆர்ஜி-58 கேபிள் இழுத்தேன். மேஜையில் சும்மா கிடந்தபோது வந்த சிக்னல்கூட வரவில்லை. ஆன்டெனா மேல் பழி போட்டு இரண்டு முறை பிரித்துக் கட்டினேன். அந்தக் கேபிள் இந்த அலையில் மீட்டருக்கு ஏறக்குறைய ஒரு டெசிபல் தின்னும் என்று பிறகுதான் உறைத்தது. பன்னிரண்டு மீட்டர் என்றால் பத்தில் ஒரு பங்குகூட மேலே போய்ச் சேராது. அன்றிலிருந்து டாங்கிளையே ஆன்டெனாவிடம் அனுப்பிவிடுகிறேன், கீழே வருவது யூஎஸ்பி வயர் மட்டும். அதுவும் 5 மீட்டருக்குள். அதற்கு மேல் வேண்டுமானால் நடுவில் சிப் வைத்த எக்ஸ்டென்ஷன் வாங்குங்கள்.

கே: ரசகுல்லா டப்பாவில் கேன்டெனா (டப்பாவையே ஆன்டெனா ஆக்குவது) செய்தேன். ஏதோ கொஞ்சம் கூடியது, அவ்வளவுதான். எங்கே தப்பு?
— பாலிடெக்னிக் மாணவர், சிவகாசி

ரசகுல்லாவை முழுக்கச் சாப்பிட்டீர்கள் அல்லவா, அதில் தப்பில்லை. ஒரு கிலோ டப்பாவின் விட்டம் ஏறக்குறைய 10 சென்டிமீட்டர், நீளம் 12. விட்டம் கொஞ்சம் அதிகம், நீளம் ரொம்பக் குறைச்சல். 7.5-லிருந்து 9.2-க்குள் விட்டம் இருந்தால் அலை ஒரே ஒழுங்கில் போகும். அதைவிடச் சின்னதானால் அலை உள்ளேயே நுழையாது. வெளிநாட்டில் பிரபலமான சிப்ஸ் டப்பா ஆன்டெனா சுமாராக வேலை செய்வதும் விட்டம் பற்றாமல்தான்.

சரியாக 9 சென்டிமீட்டர் எவர்சில்வர் டப்பா கிடைத்தால், அடிப்பக்கத்திலிருந்து 5.1 சென்டிமீட்டரில் துளை போடுங்கள். உள்ளே நீட்டும் செம்புக்கம்பி 31 மில்லிமீட்டர், அதாவது கால் அலை. டப்பா நீளம் 15-க்குக் குறையக் கூடாது. எவர்சில்வரில் சாலிடர் லேசில் ஒட்டாது, நட்டு போட்டு முடுக்கும் கனெக்டர் வாங்குங்கள். டாங்கிளை அப்படியே உள்ளே தொங்கவிடுவதானால், அதன் ஆன்டெனா இருக்கும் முனை அந்த 5.1-இல் வர வேண்டும். நீங்கள் அடியோடு ஒட்டி வைத்திருப்பீர்கள் என்பது என் ஊகம்.

கே: டாங்கிளைப் பிரித்து வெளி ஆன்டெனா சாலிடர் செய்யலாமா?
— செல்போன் சர்வீஸ் கடைக்காரர், விருதுநகர்

உங்கள் கைக்குச் செய்யலாம். போர்டு ஓரத்தில் பாம்பு மாதிரி வளைந்து போகிற செம்புத் தடம்தான் ஆன்டெனா. அதற்கு முன்னால் எறும்புத் தலை அளவில் ஒரு கெப்பாசிட்டர் இருக்கும். அதை எடுத்துவிடாதீர்கள். ஆன்டெனாப் பக்க முனையை மட்டும் தூக்கித் தடத்தை விட்டு விலக்குங்கள், அந்த முனையில் ஆன்டெனா வயரின் நடுக்கம்பியை வையுங்கள், அதைச் சுற்றியுள்ள கம்பி வலையை மிக அருகில் இருக்கும் கிரவுண்டில். உரித்த நீளம் இரண்டு மில்லிமீட்டர் தாண்டினால் உழைப்பு வீண். முதல் இரண்டு டாங்கிள் பலியாகும், எனக்கு மூன்று. டிஎல்-டபிள்யுஎன்722என் மாடல் டாங்கிள் போலத் திருகிக் கழற்றும் ஆன்டெனா உள்ளது கிடைத்தால் இந்தப் பாடே வேண்டாம். அதில் இருப்பது ரிவர்ஸ் எஸ்எம்ஏ என்ற திருகு கனெக்டர், கடையில் சாதா எஸ்எம்ஏவைத் தந்துவிடுவார்கள், பார்த்து வாங்குங்கள்.

கே: லினக்ஸ் கம்ப்யூட்டரில் வைஃபைக்கான நாட்டை பொலிவியா என்று மாற்றினால் பவர் கூடுமாமே?
— இன்ஜினீயரிங் மாணவர், கோவை

வைஃபை பவரை லினக்ஸ் நாட்டுக்கு நாடு ஒரு பட்டியல் பார்த்து அளக்கும், அந்த நாட்டு விதி என்று அதில் கூடுதல் அளவு இருந்ததால் பிறந்த வித்தை இது. தம்பி, நீங்கள் இருப்பது பீளமேட்டில். இந்தியாவில் 2005-ஆம் ஆண்டு விதிப்படி இந்த அலைவரிசைக்கு லைசென்ஸ் வேண்டாம், ஆனால் ஆன்டெனா பலத்தையும் சேர்த்து 4 வாட்டைத் தாண்டக் கூடாது. 100 மில்லிவாட் டாங்கிளுக்கு 16 டெசிபல் ஆன்டெனா போட்டாலே எல்லை வந்துவிடும். அதற்கு மேல் நல்ல டிஷ் அமைந்தால் பவரைக் குறைக்கத்தான் வேண்டும். இன்னொன்று, நீங்கள் மட்டும் கத்தினால் போதுமா? எதிரில் ரவுட்டர் முனகுவது உங்களுக்குக் கேட்க வேண்டாமா? பவர் வாயை மட்டும் பெரிதாக்கும், ஆன்டெனா காதையும் சேர்த்துப் பெரிதாக்கும்.

கே: வைஃபை 100 மீட்டருக்கு மேல் போகவே போகாது என்கிறார் கடைக்காரர். சரியா?
— வாசகி, ஆண்டிபட்டி

உங்கள் மாவட்டத்தில் இருந்துகொண்டா இந்தக் கேள்வி! 2000-களின் நடுவில், தேனி அரவிந்த் கண் மருத்துவமனையைச் சுற்றுவட்டாரக் கண் பரிசோதனை மையங்களோடு வைஃபை கொண்டுதான் இணைத்தார்கள். கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழக ஆட்கள் வந்து செய்தது. பல கிலோமீட்டர் தள்ளி உட்கார்ந்திருந்த நோயாளியிடம் டாக்டர் வீடியோவில் பேசினார். திசை ஆன்டெனா வைத்ததோடு, “வந்து சேர்ந்தது” என்ற பதிலுக்காக ஒவ்வொரு முறையும் காத்து நிற்கும் வைஃபையின் வழக்கத்தையும் மென்பொருளில் மாற்றினார்கள். 2007-இல் வெனிசுவேலாவில் எர்மானோ பியத்ரோசெமோலி மலைக்கு மலை 382 கிலோமீட்டர் தொட்டார். கடைக்காரர் சொன்ன 100 மீட்டர், அட்டைப்பெட்டியில் போட்டிருப்பது.

கே: என் மகன் என் பெரிய இரும்பு வாணலியை மாடியில் கட்டி நடுவில் ஏதோ தொங்கவிட்டிருக்கிறான். ஆபத்தா? அதில் மறுபடி சமைக்கலாமா?
— குடும்பத் தலைவி, மன்னார்குடி

ஆபத்து ஒன்றும் இல்லையம்மா. பையன் விவரமானவன். நியூசிலாந்தில் சீனச் சமையல் சல்லடையை வைத்து இதையே செய்தார்கள். வாய் 36, ஆழம் 9 சென்டிமீட்டர் என்றால் அடியிலிருந்து 9 சென்டிமீட்டரில் டாங்கிள் இருக்க வேண்டும் என்று அவனிடம் சொல்லுங்கள். அதிலிருந்து வருவது உங்கள் செல்போன் விடுவதை விடவும் கம்மி. சமைக்கலாமா என்பது அவன் நடுவில் ஓட்டை போட்டானா இல்லையா என்பதைப் பொறுத்தது. போடவில்லை என்றால் துரு தேய்த்து, எண்ணெய் தடவிக் காய்ச்சி எடுத்துக்கொள்ளுங்கள். அவனிடம் என் பெயரைச் சொல்லி ஒரு பழைய டிஷ் வாங்கிக் கொடுத்துவிடுங்கள்.