25 அடி தூணுக்கு 6 யூனிட் ஜல்லியா?

கேள்வி: பள்ளிக்கரணை பக்கம் வீடு கட்டுகிறேன். அடியில் மென்களிமண் என்பதால், 2 அடி விட்டத்தில் 25 அடி ஆழத்துக்கு 20 ஜல்லித் தூண்கள் (துளையிட்டு, ஜல்லி கொட்டி, இடித்து இறுக்குவது) இறக்கியதாகச் சொல்லி ஒப்பந்ததாரர் முழுப் பணமும் வாங்கிவிட்டார். லாரி ரசீதுகளைக் கூட்டிப் பார்த்தால் 6 யூனிட் (யூனிட்டுக்கு 100 கன அடி) ஜல்லிதான் வருகிறது.

பதில்: உங்கள் வயிற்றெரிச்சல் நியாயமானது. அந்த அளவில் ஒரு துளைக்கே 78 கன அடி ஜல்லி பிடிக்கும். இருபதுக்கு ஏறக்குறைய 16 யூனிட். இடித்து இறுக்கும்போது ஜல்லி பக்கவாட்டில் களிமண்ணுக்குள் புகுவதால் இன்னும் கூடத்தான் செலவாகும். 6 யூனிட்டில் ஒவ்வொரு தூணிலும் பத்தடிகூட நிரம்பாது. அடித்தள வேலையை உடனே நிறுத்துங்கள். ஒவ்வொரு தூணின் ஆழமும் ஜல்லி அளவும் எழுதிய பதிவேட்டைக் கேளுங்கள். பாரச் சோதனையும் கேளுங்கள், இந்தியத் தரநிலை 15284 அதைச் சொல்கிறது. மழுப்பினால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போங்கள். கொடுத்த தொகை 50 லட்சத்துக்குள் என்றால் அங்கேயே வழக்குப் போடலாம். 2 ஆண்டு கெடு. ரசீதுகளைத் தொலைத்துவிடாதீர்கள்.

கேள்வி: பக்கத்து மனைக்காரரிடம் மண் பரிசோதனை அறிக்கை இருக்கிறது. நகல் எடுத்துக்கொண்டால் போதாதா?

பதில்: போதும், வீட்டையும் அவர் மனையிலேயே கட்டுவதானால்.

கேள்வி: ஜல்லித் தூண் போட்டும் வீடு ஓர் அங்குலம் இறங்கியிருக்கிறது. விரிசல் இல்லை. ஏமாந்துவிட்டேனா?

பதில்: இல்லை. கான்கிரீட் பைல், பாரத்தைக் களிமண்ணுக்கும் கீழே கெட்டித் தரைக்குக் கொண்டுபோகும். ஜல்லித் தூணுக்கோ சுற்றியுள்ள களிமண்தான் பிடிமானம். பாரம் ஏறியதும் தூணின் மேற்பகுதி புடைக்கும். களிமண் அதை இறுக்கிப் பிடிக்கும். களிமண்ணின் நீரும் தூண் வழியே வெளியேறுவதால், ஆண்டுக்கணக்கில் இழுக்கும் இறக்கம் சீக்கிரம் முடிகிறது. இறக்கம் குறையுமே தவிர, அறவே நிற்காது. ஒரு மூலை மட்டும் இறங்குகிறதா என்று ட்யூப் லெவல் (தண்ணீர் நிரப்பிய குழாய் மட்டம்) வைத்து மாதம் ஒருமுறை பாருங்கள்.

என் ஆத்திரமெல்லாம் மனையை மேடாக்கி விற்பவர்கள்மீதுதான். சித்திரை வெயிலில் ஒரு மனையைப் பார்த்து, ‘ஆறடி மேடு’ என்ற சொல்லுக்காகக் கூடுதல் பணம் கொடுத்தவன் நான். ஐப்பசியில் சுற்றுச்சுவர் சாய்ந்தது. தோண்டினால் உடைந்த ஓடு, செங்கல், பாதிக் கழிப்பறைப் பீங்கான்; அதற்குக் கீழே கொழுக்கட்டை மாவு போலக் களிமண். கொட்டிய மண்ணின் கனமே களிமண்ணை அமுக்கும் என்பதை அந்தச் சுவர்தான் எனக்குக் கற்றுக்கொடுத்தது.

கேள்வி: கோவில்பட்டியில் கரிசல் மனை. ஜல்லித் தூணுக்கு முன்பணம் கொடுத்துவிட்டேன். சரிதானே?

பதில்: கொடுத்த பிறகா கேட்பது? கரிசல் ஈரத்தில் உப்பும், வெயிலில் சுருங்கும். தூண் அதற்குள் தண்ணீரை இறக்கும் வழியாகிவிடும். அங்கே வழக்கம் அடியில் குமிழ் வைத்த அண்டர் ரீம்டு பைல். முன்பணத்தை இன்றே திருப்பிக் கேளுங்கள், எழுத்தில்.